புரவிக்குள் விட்ட கை

மண் குதிரையின் அழகெல்லாம் வெளியே இருக்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். முகமும் பிடரியும் கழுத்து மணியும் வெளியேதான். ஆனால் அது நிற்பதும் உடைவதும் உள்ளே இருக்கிற சுவரைப் பொறுத்தது. உள்ளே குதிரை வெறும் பானைதான். நாலு காலில் ஆள் உயரத்துக்கு நிற்கிற பானை. சுவர் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் இருந்துவிட்டால், சூளையில் இரண்டும் ஒன்றுபோல வேகாது. ஒன்றை ஒன்று இழுக்கும். அப்புறம் வெடிப்பதுதான்.

என் வீட்டுக்காரர் அந்தச் சுவரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கட்டை விரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே என்று பிடித்துக்கொண்டு குதிரையைச் சுற்றி வருவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே மண்ணைக் கூட்டுவார், குறைப்பார். அந்த நேரம் அவர் பார்வை வேப்பமரத்தில் இருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டுவிட்டேன். "குதிரையப் பாக்காம என்னத்தப் பாக்குறீக?"

"அத எதுக்குப் பாக்க? அதுதான் கையில இருக்குல்ல. நீதான் கையில அகப்பட மாட்டேங்குற" என்றார்.

வாசலில் அவர் தம்பி பானை தட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும் என்ற வெட்கத்தில் நான் அன்று முழுவதும் களத்துப் பக்கம் போகவில்லை.

எங்கள் ஊர் சாக்கோட்டைப் பக்கம். நான் மானகிரியில் ஐந்தாவது வரை படித்துவிட்டு, வயதுக்கு வந்து சில வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, இந்த வேளார் வீட்டுக்கு வந்தேன். பானையும் அடுப்பும் செய்வது எங்களுக்குப் பிழைப்பு. அய்யனாருக்குப் புரவி செய்வது உரிமை. இரண்டும் வேறு. பானையை யாரும் செய்யலாம், யாரும் வாங்கலாம். புரவிக்குப் பிடிமண் வாங்க வேண்டும்.

புரவி எடுக்கிற வருஷம் ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்ததும், ஊர்த் தலைவரான அம்பலம் கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி, துண்டை இடுப்பில் கட்டி நிற்கிற வேளார் கையில் வைப்பார். அதுதான் பிடிமண். அதைக் கண்மாய் மண்ணோடு கலந்துதான் குதிரை எழும்பும். யார் கையில் பிடிமண் விழுந்ததோ அவர்தான் புரவி செய்ய வேண்டும், அவர்தான் கடைசியில் ஊர் கூடி நிற்கக் குதிரைக்குக் கண் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கை என் வீட்டுக்காரருடைய கை. அவர் தம்பிக்குப் பானையில் நல்ல கை. புரவிக்குக் கால் மட்டும் அவர் செய்து கொடுப்பார், அவ்வளவுதான்.

பெண்களுக்கு மண் மிதிக்கிற வேலை. மண்ணும் உமியும் சலித்து, மணல் சேர்த்து, வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதிக்க வேண்டும். காய்ந்துவிடாமல் ஈரத்துணி போர்த்துவதும் நாங்கள்தான். கழுத்துக்குச் சலங்கை மணி உருட்டிக் கொடுப்பேன். அவர் வாங்கி ஒட்டுவார். குதிரை முகத்தைப் பெண்கள் தொடக்கூடாது. நானும் தொட்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் புரவி வெடித்தது. பொழுது சாய்கிற நேரம். நான் உலை வைத்திருந்தேன். சூளைக்குள்ளிருந்து பெரிய தேங்காயை உடைத்த மாதிரி ஒரு சத்தம். ஆண்கள் சூளையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். என் மாமியார் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டு எவளோ மண்ண மிதிச்சிருக்கா."

மண்ணை மிதித்தது நான் ஒருத்திதான். எவளோ என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. நான் அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை ஆண்கள் இருக்கிற இடத்தில் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அம்பலம் வந்து சூளையைப் பார்த்தார். "மண்ணு சரியில்லையா வேளாரே?"

"சுக்கான்கல்லு கெடந்திருக்கும்யா. சலிச்சதுல தப்பியிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சலித்ததும் நான்தான். இன்னொரு குதிரை செய்து திருவிழாவைத் தள்ளி வைத்து நடத்தினார்கள். என்னை அந்த முறை மண்ணில் இறங்க விடவில்லை. வேறு ஆள் மிதித்தது.

வெடித்த குதிரையின் ஓடுகளை அள்ளிப் பின்பக்கம் கொட்டியது நான். வயிற்றுப் பக்கத்து ஓடு இரண்டு கையில் கிடைத்தது. ஒன்று செங்கல் கனம். ஒன்று அப்பளம் மாதிரி. இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். ஒட்டின. ஒரே வயிறு. சுக்கான்கல் சுண்ணாம்புக் கல், அது வெடித்தால் வெள்ளைப் பொட்டு தெரியும். அது எந்த ஓட்டிலும் இல்லை. அவர் கை இப்படிச் செய்யாதே என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பானைச் சூளை. சூளை பிரிக்கும்போது சூடு ஆறியிருக்காது, கந்தைத் துணி வைத்துத்தான் பானையை எடுப்போம். அவர் துணி இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாடை வந்தது. மயிர் பொசுங்குகிற மாதிரி, கறி வாட்டுகிற மாதிரி ஒரு வாடை.

"ஏங்க, கையி!"

"கையிக்கு என்ன?" என்று பானையைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பினார். உள்ளங்கை வெள்ளையாகப் பொங்கியிருந்தது. அவர் அதை வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்தார்.

வீட்டுக்குள் கூட்டிப் போய் மருந்து தடவினேன். அவர் பூசாரி வேலையும் பார்ப்பவர். முழங்கை வரைக்கும் எப்போதும் திருநீறு பட்டையாக இருக்கும். அன்று ஈரத்துணியால் துடைத்ததும் திருநீறு போனது. முழங்கைக்குக் கீழே வெளுப்பு மட்டும் போகவில்லை.

"இது எத்தனை நாளா?"

"தேமல்."

"தேமலா இருந்தா நீங்க ஏன் மறைக்கிறீக?"

அவர் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கட்டை வெரலு மரத்துப் போச்சு. மண்ணு ஈரமா காஞ்சதான்னுகூடத் தெரியல. கண்ணு பாத்துக்கிரும்னு நெனச்சேன். கண்ணுக்கு உள்பக்கம் எங்குட்டுத் தெரியுது? ரெண்டாவது குதிரை நின்னது அய்யனாரு செயலு."

அப்போது எனக்கு அந்த இரண்டு ஓடும் புரிந்தது. இத்தனை நாள் என் தலையில் இருந்த பழியும் புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆத்தா உன்னயச் சொன்னப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார். நான் மருந்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த வியாதியின் பெயரை நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைப் பெரிய வியாதி என்பார்கள். அது வந்த ஆள் கையால் யாரும் ஒரு செம்புத் தண்ணீர் வாங்க மாட்டார்கள். அந்தக் கையில் கோயில் மண்ணை யார் வைப்பார்கள்?

வண்ணத்துக்குக் காவியும் நீலமும் வாங்கப் போகிறோம் என்று சொல்லிக் காரைக்குடிக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். "நான் தொடுறப்ப சொல்லுங்க" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர் தொடுவதற்காகக் காத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பஞ்சால் தொட்டார். பேனா மூடியால் அழுத்தினார். ஊசியால் குத்தினார். அவர் இன்னும் காத்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு பணிவு. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"மாத்திரை விடாம சாப்பிட்டா மேல போகாது. அடுத்தவங்களுக்கும் பரவாது" என்றார் டாக்டர்.

"வெரலு திரும்புமாய்யா?"

"போன உணர்ச்சி வராதுங்க. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்."

திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். அங்கே ஜட்கா வண்டிகள் நிற்கும். புரவி செய்கிற வருஷமெல்லாம் அவர் அங்கே வந்து நின்று குதிரைகளைப் பார்ப்பார். எங்கள் ஊரில் உயிருள்ள குதிரை ஏது? அன்றும் நின்றார். ஒரு கிழட்டுக் குதிரை, முதுகெல்லாம் புண், கொள்ளுப் பையில் மூஞ்சியை விட்டுக்கொண்டு நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்கு எப்படி விரியுது பாத்தியா? நான் இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் மூச்சு விடாத குதிரை."

எனக்கு அழுகை வந்தது. இந்த ஆள் இப்போது மூக்கைப் பார்க்கிறாரே என்று கோபமும் வந்தது.

மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அடுத்தடுத்து மழை இல்லாத வருஷங்கள். புரவி எடுக்கவில்லை. அது எங்களுக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்திருக்கிறேன். ஊரே மழைக்கு வானத்தைப் பார்த்தபோது நான் அப்படி நினைத்தேன். அதற்குள் அவர் சுண்டு விரலும் பக்கத்து விரலும் உள்ளுக்கு மடங்க ஆரம்பித்திருந்தன. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நடப்பார்.

கண்மாய் பெருகிய வருஷம் பிடிமண் கொடுக்க நாள் குறித்தார்கள். எழுபதுகள் பிறந்திருந்தன. அவர் தம்பி முதல் நாள் வந்து, "அண்ணே, ஒடம்பு முடியலன்னா சொல்லு, இந்த ஒரு தடவ நான் வாங்கிக்கிறேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, தெரிந்துகொண்டு சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"எனக்கு என்ன கேடு?" என்றார் இவர்.

தம்பி போன பிறகு என்னிடம் சொன்னார். "ஒரு தடவ அங்குட்டுப் போச்சுன்னா திரும்பாது புள்ள. பானை தட்டுறதுக்கா நான் பொறந்தேன்?"

கோயிலில் கைகளைக் குவித்து நின்றார். மடங்கின விரல் குவித்த கையில் தெரியவில்லை. அம்பலம் மண்ணை வைத்தார். ஒரு பொடி கீழே சிந்தவில்லை.

களத்தைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தடுப்புக் கட்டினோம். குதிரை வயிறு எழும்புகிற நாள் வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"கைய உள்ள விடு."

நான் பின்வாங்கினேன். "பொம்பள தொடக்கூடாதே."

"மொகத்தத் தொடக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு. வயித்துக்குள்ள கைய விடக்கூடாதுன்னு எவன் சொன்னான்? வயித்து வெவகாரம் பொம்பளைக்குத்தான் தெரியும்."

"பிரசவம் பாக்கச் சொல்றீகளா?"

"பாரு. தாயும் புள்ளையும் ரெண்டா பொழைக்கணும்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

உள்ளே என் கையில் உருண்டைக் கல். வெளியே அவர் உள்ளங்கையில் தட்டுப்பலகை. அவர் தட்டுகிற இடத்துக்கு நேரே நான் கல்லைக் கொடுக்க வேண்டும். கல்லை எடுத்துவிட்டு விரலால் தடவிச் சொல்ல வேண்டும்.

"கனம்."

"இங்குட்டு?"

"மெலிசு. பொத்துக்கிரும்போல இருக்கு."

"இப்ப?"

"இன்னுங் கொஞ்சம் மண்ணு வைங்க."

குதிரைக்குள் இருட்டு. ஈரம். உமி கையில் குத்தும். முதலில் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. போகப் போக விரலே பேச ஆரம்பித்தது. அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். வெளியே ஆள் சத்தம் கேட்டால் கையை உருவிக்கொண்டு உமியைச் சலிக்க உட்கார்ந்துவிடுவேன். முகத்தை மட்டும் அவரே செய்தார். பிடிபடாத விரலை ஒதுக்கிவிட்டு, மூங்கில் சிம்பாலும் மணிக்கட்டாலும் செய்தார். அந்த ஸ்டேஷன் குதிரையின் மூக்கு வந்தது.

ஒருநாள் கீற்றை விலக்கிக்கொண்டு மாமியார் நின்றிருந்தார். என் கை தோள்வரைக்கும் குதிரைக்குள் இருந்தது. கையை உருவ எனக்கு நேரமில்லை. மாமியார் மகனின் கையைப் பார்த்தார், துண்டு இல்லாத கையை. அப்புறம் என்னைப் பார்த்தார். அன்றையிலிருந்து தடுப்பு வாசலில் வெற்றிலை உரலோடு உட்கார்ந்துகொண்டார். யார் வந்தாலும், "விரதம் இருந்து செய்யிறான், பாக்கக் கூடாது, போங்க அங்குட்டு" என்று விரட்டினார். தம்பியையும்தான்.

சூளை மூட்டிய அன்று நான் சோறு தின்னவில்லை. பிரித்தபோது குதிரை சிவந்து முழுசாக நின்றது. அவர் பலகையால் வயிற்றைத் தட்டினார். வெண்கலம் மாதிரி கணீரென்றது. காதுக்குக் கேட்டதே, அது போதும் என்றார்.

சுண்ணாம்பு பூசி, காவியும் நீலமும் எழுதினோம். வண்ணப் பட்டைகள் பெரிதாக இருந்ததால் சமாளித்துவிட்டார். கண் மட்டும் பாக்கி.

புரவி எடுக்கிற அன்று களம் நிறைய ஜனம். பள்ளத்தூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். கொட்டுச் சத்தம். தூக்குகிற ஆட்கள் தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் குளித்து, முழங்கை வரை திருநீறு பூசி, குதிரை முகத்துக்கு நேராக மணையில் ஏறினார். கையிலிருந்த துண்டை அவிழ்க்க வேண்டும் அல்லவா, அவிழ்த்தார். மையைத் தொட்ட தூரிகையைக் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டார். வீட்டில் அப்படித்தான் பழகியிருந்தார். கொட்டு நின்றது.

முதல் கண் எழுதினார். நல்ல கண். குலவை போட்டோம்.

இரண்டாவது கண்ணுக்குக் கையைத் தூக்கினார். தூரிகை விழுந்துவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. வெறும் கையைக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, ஒழுங்காக, சுற்றி எழுதினார். எழுதி முடித்துக் கையை எடுத்துப் பார்த்தபோதுதான் அங்கே ஒன்றும் இல்லை.

ஜனம் முழுவதும் பார்த்தது.

அம்பலம் மணைக்குக் கிட்டே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "வேளாரே, கையக் காட்டுங்க."

காட்டினார்.

"எத்தனை வருசமா வச்சிருக்கீக?"

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாம்ல. சாமி காரியமில்லையா."

தூக்குகிற ஆட்கள் குதிரையை விட்டு இரண்டடி தள்ளிப் போனார்கள். யாரோ, "அந்தக் கையாலயா திருநீறு வாங்கினோம்" என்றது கேட்டது. மாத்திரை சாப்பிடுகிறார், பரவாது என்று டாக்டர் சொன்னார் என்று எனக்கு வாய்வரை வந்தது. வாய்வரைதான் வந்தது.

அவர் தம்பி கூட்டத்திலிருந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. கீழே கிடந்த தூரிகையை எடுத்தார்.

"அண்ணே, நான் எழுதட்டுமா?"

இவர் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரையின் முகத்தைத்தான் பார்த்தார். "எழுது. மை காயிறதுக்குள்ள எழுது" என்று சொல்லிவிட்டு மணையிலிருந்து இறங்கினார்.

அந்தக் கண் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. சரியாகப் பார்த்தால் தெரியும். குலவை போட யாருக்கும் வரவில்லை. மாமியார் ஒருத்திதான் போட்டார். பிறகு கொட்டு முழங்கியது, குதிரையைத் தூக்கிப் போய்விட்டார்கள். களத்தில் மாமியாரும் அவரும் நானும் உமிக் குவியலும் மிச்சம்.

அடுத்த பிடிமண் தம்பி கைக்குப் போனது. இவர் சொன்ன மாதிரியே அது திரும்பவில்லை. சைக்கிளில் வருகிற சுகாதாரக்காரர் ஊரில் நின்று, இவரால் யாருக்கும் ஒட்டாது என்று சொன்னார். "அப்ப நீங்க கூட்டிட்டுப் போயி ஒங்க வீட்ல வச்சுக்கங்க" என்றார்கள். என் வீட்டுக்காரர் தொட்ட பானை விற்காது, அதனால் அவர் களத்துப் பக்கம் வரக்கூடாது என்றாயிற்று. பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டோம். நான் தம்பி களத்தில் மண் மிதித்து அரிசி வாங்கி வந்தேன். தம்பி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. "மதினி, தண்ணி குடிச்சிட்டு மிதிங்க" என்பார். குதிரைக்குள் கை விடச் சொல்லி மட்டும் கேட்டதில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது.

கொட்டகையில் நான் கொண்டுபோய்க் கொடுக்கிற மண்ணில் அவர் ஏதாவது செய்வார். மூக்கு மட்டும் செய்வார். விரிந்த மூக்கு, விரியாத மூக்கு. காய்ந்ததும் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடுவார். நான் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "மூக்க வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?" என்றார்.

காலில் ஒரு முள் குத்தியது அவருக்குத் தெரியாமல் புரையோடி, ஓர் ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார். தூக்க ஆள் வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

அந்தக் குதிரை இன்னும் அய்யனார் கோயிலில் நிற்கிறது. வரிசையில் அதற்குப் பின்னால் வந்த குதிரைகள் சில விழுந்துவிட்டன. இது நிற்கிறது. சுண்ணாம்பெல்லாம் மழையில் போய், இரண்டு கண்ணும் அழிந்துவிட்டன. நல்ல கண் எது, ஏறின கண் எது என்று இப்போது யாருக்கும் தெரியாது. போன வருஷம் பார்த்தபோது, மரக்கிளை விழுந்து விலாவில் ஒரு பொத்தல். குனிந்து பார்த்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் உள்சுவரில் வரிவரியாக விரல் தடவின தடம் தெரிந்தது. என்னுடையதுதான். உடைந்த விளிம்பில் சுவர் ஒரே கனமாக இருந்தது.

கையை விட்டுத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. உள்ளே பாம்பு கிடக்கும் என்று விடவில்லை.